மூன்றாவது மிடறு

கோதுமை பியரை அதிகம் குளிர வைக்கக் கூடாது, ஐயா. கடும் குளிரில் வாசம் வெளியே வராது. அன்று மத்தியானம் பாட்டிலை முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் யார் யாரோ இதைக் குடிப்பதைப் படித்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. பெங்களூர் போகும்போதெல்லாம் சிறிய ஆலைகளில் காய்ச்சிய பியரை வாங்கி வருவேன். ருசி பார்த்து, வாழைப்பழம், கிராம்பு, மழைக்கு முந்தைய மண் என்று ஃபேஸ்புக்கில் விமர்சனம் எழுதுவேன். படிக்கிறவர்கள் அதன் கீழே என் நண்பன் சடையாண்டி போடும் ஒரு வரிக்காகவே வந்தார்கள். "ஏலே, கிராம்பு வாசமா? பிரியாணி தின்ன கையக் கழுவுனியா இல்லியா?" ஊரே சிரித்தது.

அவனைக் குடி தின்றுகொண்டிருந்தது. போன வருடம் நத்தம் பக்கத்துக் கோயிலில், ஒரு வருடம் தொடமாட்டேன் என்று கையில் கயிறு கட்டிக்கொண்டான். தொடவுமில்லை. அவன் மனைவி பவித்ரா கயிற்றை மட்டுமே நம்பி இருந்துவிடவில்லை. குடியை நிறுத்தும் மாத்திரையை வாங்கி, அவனுக்குத் தெரியாமல் தினமும் சோற்றுக்கு வைக்கும் வெஞ்சனத்தில் கலந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அண்ணே, இது உள்ள இருக்கையில குடிச்சா உசுருக்கே ஆபத்தாம். அவருக்கு நெஞ்சு வேற சரியில்ல. கயிறு அவுத்து வீட்டுக்கு வந்ததும் நானே சொல்லிர்றேன்."

வருடம் முடிந்து கயிற்றை அவிழ்த்தவன் கோயிலிலிருந்து நேரே என்னிடம் வந்தான்.

"வீட்டுக்குப் போனியா?"

"இல்லலே. அவ மொகத்தப் பாத்தா குடிக்க முடியாது."

"காலைல சாப்டியா?"

"சாப்டாம விடுவாளா?"

வெறும் வயிற்றில் ருசி பார்க்கக் கூடாது என்பதால் கேட்டேன். ஊற்றிக் கொடுத்தேன்.

"புளிச்ச மாவத் தண்ணியில கரைச்ச மாதிரி இருக்குலே. இதுக்கா அம்புட்டு எழுதுன?" என்று சிரித்தான். மெதுவாகக் குடி, மூன்றாவது மிடற்றில்தான் தெரியும் என்றேன். செத்த நேரத்தில் முகம் செங்கல்லாகச் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"படபடங்குதுலே. தண்ணி குடு."

"கிராம்பு தெரியுதா?"

"தெரியுது. தெரியுதுப்பா. தண்ணி குடு."

தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி கிளாஸை மறுபடி நிரப்பினேன். அதையும் குடித்தான். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து விமர்சனத்தை எழுதினேன். அவன் சத்தம் சிறிது இடைஞ்சலாக இருந்தது. அது நின்ற பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் கேட்டதால் இதையெல்லாம் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அவன் கேட்டிருந்தால் அவனிடமும் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பவித்ரா என் காலைப் பிடித்துக்கொண்டு, "நானே அவரக் கொன்னுட்டேண்ணே" என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாடுவது பண்பல்ல.