பால்கனியில் வார்த்த சோபா

பெயரும் முகவரியும் முதல் தாளில் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்று. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருக்கிறேன். இன்னாருடைய மனைவி என்று போட வேண்டாமென்று கேட்டேன். போட்டே ஆக வேண்டும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

நாங்கள் மாடியிலும், என் கணவரின் அண்ணன் குடும்பம் கீழேயும் இருக்கிறோம். என் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கான்கிரீட்டில் செய்ய முடியாதது எதுவுமில்லை என்று போன வருடம் அவருக்கு ஞானோதயம் பிறந்தது. முதலில் பூந்தொட்டி செய்தார். அதன்பின் சோப்பு டப்பா செய்தார். அது கைதவறி விழுந்து குளியலறைத் தரை உடைந்தது. அதன்பின் சாப்பாட்டு மேசை செய்தார். நகர்த்த முடியாததால் அடியில் இதுவரை யாரும் பெருக்கியதில்லை. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும்.

அதன்பின் பால்கனியில் மூன்று பேர் உட்காரும் சோபா வார்க்கக் கிளம்பினார். என் மரப்பெஞ்சைப் பிரித்து அச்சுப்பலகை ஆக்கினார். பால்கனிக்கு நேர் கீழேதான் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தையல் மிஷின் போட்டிருந்தார். அவருக்கு அதுதான் பிழைப்பு. "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்மா, தாங்குமான்னு" என்றார். கேட்டேன்.

"கான்கிரீட் மேல கான்கிரீட் உக்காருது. உனக்கு எங்க வலிக்குது?" என்றார்.

சோபா இறுகி, அச்சுப்பலகையைப் பிரித்த அன்று பால்கனியில் சுவரை ஒட்டி விரிசல் ஓடியது. அதில் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுக் கை கழுவினார். நான் கீழே ஓடி மிஷினை உள்ளே இழுக்கச் சொன்னேன். உள்ளே இருட்டு, இந்த ஒரு ரவிக்கையை முடித்துவிடுகிறேன் என்றார் அக்கா. நான் திரும்பிப் படியேறும்போதே பால்கனி சோபாவோடு விழுந்தது.

நானும் அண்ணனும் அக்காவை இழுக்கப் போராடிக்கொண்டிருந்தோம். என் கணவர் இறங்கி வந்து, குனிந்து, சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "பாத்தியா, ஒரு கீறல் கூட இல்ல" என்றார். அவரோடு ஒரு வீட்டில் இருந்ததை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் மருத்துவமனை வராந்தாவில் என் கணவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சோபா நீ ஆசைப்பட்டுக் கேட்டேன்னு சொல்லிடு. பொம்பளன்னா விட்ருவாங்க" என்றார்.

நான் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்தது நடந்தபடி நானே சொன்னது; படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. சோபாவைச் சான்றுப் பொருளாக எடுத்துப் போவதாகச் சொன்னார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை. அவரையும்தான்.

(கையொப்பம்)