புதிய மோவரின் ஷாஃப்டை மூன்று அங்குலம் அறுத்தது பற்றி

என் பெயரும் தகப்பனார் பெயரும் புகார்ப் பதிவேட்டில் உள்ளபடியே சரி. மைதானத்தில் என்னைக் 'கோடு பெரியவர்' என்று கூப்பிடுவார்கள். சுண்ணாம்புக் கோட்டைக் கயிறு கட்டாமல் நேராகப் போடுவதால் வந்த பெயர். வயது அறுபத்தெட்டு. மைதானத்து மேற்குக் கேட்டுக்கு எதிர்ச் சந்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இரண்டாவது வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். விளையாட்டுச் சங்கத்தில் இருபத்தாறு வருடமாக மைதானப் பராமரிப்பாளராக இருக்கிறேன். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. இயந்திர வேலையை நான் யாரிடமும் கற்கவில்லை. கையேடுகளைப் படித்தும், பிரித்துப் போட்டதைத் திரும்பச் சேர்த்தும் நானே கற்றுக்கொண்டேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நல்ல நினைவோடு இதைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் இருபத்து நான்கு குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்று உண்டு. ரோலர் இழுக்கவும் தண்ணீர் வண்டி இழுக்கவும் மட்டும் அதை வைத்திருந்தோம். புல்லை நான் தள்ளிக்கொண்டு போகும் பழைய மோவரால்தான் வெட்டி வந்தேன். சென்ற மாதம் அதன் இன்ஜின் அடியோடு போய்விட்டதால், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டுகிற மோவர் ஒன்று வாங்குவது என்று சங்கத்தில் முடிவாயிற்று. அது புதர் வெட்டுகிற முரட்டுச் சாமான் இல்லை. புல்லைத் தரையோடு சீவிப் பாய் விரித்தது போல ஆக்குகிற வகை.

எந்த அளவு வாங்குவது என்று பேசக் கூட்டம் போட்டார்கள். என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அங்கே செயலாளரின் பக்கத்து நாற்காலியில் என் சகலை உட்கார்ந்திருந்தார். சகலை என்பது என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். டிப்ளமோ படித்து, இன்ஜின் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவர் உறுப்பினர்கூட இல்லை. செயலாளர் வரவழைத்ததாகப் பிறகு தெரிந்தது.

நான் ஆறடி அகல மோவர் வாங்கச் சொன்னேன். அகலம் கூடினால் சுற்று குறையும் என்பது என் கணக்கு. அதன் பிறகு மேற்படி சகலை எழுந்து எல்லோரையும் ஷெட்டுக்கு அழைத்துப் போய், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, டிராக்டரின் பின்சக்கரங்களை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்தார். ஐம்பத்து மூன்று அங்குலம் வந்தது. ஐந்தடி மோவர் என்றால் அறுபது அங்குலம், சக்கரம் மிதித்த புல்லை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு வெட்டும் என்றார். இன்ஜினில் இருபத்து நான்கு என்றாலும் மோவரைச் சுழற்றும் பின்தண்டுக்குப் பத்தொன்பதுதான் வந்து சேரும், அடிக்கு மூன்றரை என்று வைத்தாலும் ஆறடிக்கு இருபத்தொன்று வேண்டும், அதுவும் ஈரப்புல்லில் வண்டி திணறிவிடும் என்றார். இதற்கு நான், திணறினால் மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அப்போது அவர், "சரிண்ணே, ஓட்டலாம். எப்படி உள்ள கொண்டு போவீங்க? உள்கேட்டு அஞ்சே முக்கால் அடிதான் இருக்கு. ஆறடி மோவர்னா நாமதான் புல்லை வெளிய கூட்டிட்டு வந்து வெட்டணும்" என்றார். தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மைதானத்தில் தண்ணீர் விடுபவனும் சிரித்தான். அந்தக் கேட்டை இருபத்தாறு வருடமாகக் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறவன் நான். அதை நான் அளந்ததில்லை.

ஐந்தடிதான் சரியான தேர்வு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி, "தங்கச்சி போன் பண்ணா. கேட்டை அளக்காம விட்டுட்டீங்களாமே?" என்று கேட்டார். இரண்டாம் முறை சோறு வாங்காமல் எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் மோவர் வந்து இறங்கியது. சகலைதான் நின்று மாட்டினார். டிராக்டரின் சுழற்சியை மோவரின் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டையும் அவரே கோத்தார். இந்த ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று போய் வருகிற இரண்டு குழாய். எல்லா டிராக்டருக்கும் ஆகட்டும் என்று கம்பெனியில் நீளமாகவே செய்து அனுப்புவார்கள். வாங்குகிறவர் தன் வண்டிக்குத் தக்கபடி அறுத்துக்கொள்ள வேண்டும். அறுக்காமல் மாட்டினால், மோவர் தரையில் இருக்கிற வரை ஒன்றும் தெரியாது. திருப்பத்தில் மேலே தூக்கும்போது இடைவெளி சுருங்கி, குழாய்க்கு ஒதுங்க இடமில்லாமல் கியர்பாக்ஸை இடிக்கும், அல்லது சுற்றிக்கொண்டிருக்கும்போதே முறிந்து பறக்கும். அன்று மோவர் தரையில் இருக்கையிலேயே குழாய்க்கு ஒரு விரல் அகலம்தான் இடம் மிச்சமிருந்தது. நான் பார்த்தேன். கையேடு பாலிதீன் உறை கிழியாமல் பெட்டியின் அடியில் கிடந்தது. அதையும் பார்த்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் சகலை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் முதல் திருப்பத்தில் மோவரைத் தூக்குவார், தூக்கியதும் படாரென்று ஒரு சத்தம் கேட்கும், எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை அப்படித்தான் இருந்தேன். அந்த நான்கு நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது. என் மனைவியே, "என்ன, பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு போல?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மதியம் மேற்படி சகலை என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, நாளைக்கு வெயில்ல ஓட்டணும். உங்க தொப்பியைக் குடுங்களேன்" என்று கேட்டார். ஓலைத் தொப்பி, நான் புல் வெட்டும்போது போடுவது. கேட்டதால் கொடுத்தேன். அவர் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "தலை உங்களுக்குத்தான் பெருசு" என்று சொல்லிப் போனார். அதன் பிறகு நான் ஷெட்டுக்குப் போய், கையேட்டின் உறையைப் பிரித்துப் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் ஷாஃப்ட் முறிவதைப் படமாகப் போட்டிருந்தார்கள். படத்தில் சீட்டில் ஒரு ஆளையும் வரைந்திருந்தார்கள். அவனுக்கும் தொப்பி இருந்தது. நான் போய் டிராக்டர் சீட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே அளந்தேன். ஒன்றரை முழம் இருந்தது. அவர் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேனே ஒழிய வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். மோவரைத் தூக்கி, இறங்கிவிடாதபடி அடியில் மரக்கட்டை கொடுத்தேன். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டர் பக்கமும் மறு பாதியைக் கியர்பாக்ஸ் பக்கமும் மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுண்ணாம்பால் குறித்தேன். உட்குழாயில் மூன்று அங்குலம், வெளிக்குழாயில் மூன்று அங்குலம், மேலே வரும் பிளாஸ்டிக் உறை இரண்டிலும் அதே மூன்று அங்குலம் ஹாக்சா பிளேடால் அளவுக்கு அறுத்தேன். முனைகளை அரம் போட்டு வழவழப்பாக்கினேன். இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்பக் கோத்தேன். மேலே தூக்கியும் இறக்கியும் ஏழு தடவை பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. ஐந்தரை மணிக்கு ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பது உண்மை.

மறுநாள் சகலை ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மோவரைத் தூக்கினார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், நான் ஷாஃப்டைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் வெட்டியது. நான் வெட்டியதைவிட நன்றாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் என்னிடம் வந்து, "பெரியவரே, உங்க சகலை கை வச்சா தனி அழகுதான். ஷெட்டு சாவியை அவர்கிட்டயே குடுத்துடுங்க. நீங்க கோடு மட்டும் போட்டா போதும்" என்றார். சாவி என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்க நேரமாயிற்று. தலைவர் கையை நீட்டியபடியே நின்றார்.

திங்கட்கிழமை மாலைக் கூட்டத்துக்கு, அறுத்த நான்கு துண்டுகளையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், தலைவரின் மேசையில் கொட்டி, அறுத்தது நான்தான் என்று சொன்னேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தத் துண்டுகள் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. புகாரும் இருந்திருக்காது. என்னால் அப்படி இருக்க முடியவில்லை. அந்த வண்டி ஓடியது என் வேலையால் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தலைவர் துண்டுகளைப் பார்த்து, "அய்யய்யோ, புதுச் சாமானையா அறுத்தீங்க?" என்று கத்தினார். செயலாளர் சகலையைப் பார்த்தார். சகலை டேப்பை எடுத்து நான்கு துண்டையும் தனித்தனியாக அளந்தார். நான்கும் ஒரே அளவு. அறுத்த முனையில் விரலை ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அறுத்திருக்காரு" என்று மட்டும் சொன்னார். எதற்காக என்று சொல்லவில்லை. அதன் பிறகுதான், பொறாமையால் சங்கத்தின் உடைமையைச் சேதப்படுத்தி ஓட்டுபவரின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகச் சங்கத்தின் சார்பில் என் மேல் புகார் கொடுக்கப்பட்டது.

இன்று காலை நான் இங்கே விசாரணைக்கு வரப் புறப்படும் நேரத்தில் மேற்படி சகலை சாவியோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. புகாரை வாபஸ் வாங்க வைக்கிறேன். சாவியும் உங்களுக்கே. தலைவர்கிட்ட பேசிட்டேன்" என்றார்.

"அது சரியா அறுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மேசையில பார்த்தப்பவே. கையேட்டை நான் பிரிக்கவே இல்லண்ணே. அத்தனை பேர் முன்னாடி அதை எப்படிச் சொல்றது?"

"அப்ப நீங்க தெரிஞ்சவரு, நான் தெரியாம செஞ்சவனா?"

உள்ளே இருந்த என் மனைவி, "ரெண்டு பேருக்கும் மூளையை ஒரே கடையில வாங்கினாங்களா? சாவியை வாங்கிட்டுப் பேச்சை விடுங்க!" என்றார். நான் வாங்கவில்லை. சகலை சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இங்கே வந்தேன்.

சகலையின் மேல் பொறாமை இருந்ததா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று சொன்னேன். பொறாமையால்தான் அறுத்தீரா என்று கேட்டார். இல்லை, பொறாமையால்தான் நான்கு நாள் அறுக்காமல் இருந்தேன் என்று சொன்னேன்.

தெரியாமல் செய்ததாக எழுதிக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. தெரிந்து செய்தேன், அளந்து செய்தேன். சந்தேகம் இருந்தால் டிராக்டரைக் கொண்டுவந்து மோவரைத் தூக்கிப் பார்க்கலாம். என் மேல் குற்றம் என்று ஒன்றை எழுதியாக வேண்டுமானால், ஆபத்து என்று தெரிந்தும் வாய் மூடி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நான்கு நாளை எழுதிக்கொள்ளுங்கள். புகாரில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன். அதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்பேன். சனிக்கிழமை செய்த வேலைக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சாவி வராவிட்டாலும் சரி.

எழுத்தர் இதைப் படித்துக் காட்ட வந்தபோது வேண்டாம் என்று சொல்லி, நானே இரண்டு முறை படித்தேன். 'சேதப்படுத்தினேன்' என்று எழுதியிருந்த ஓர் இடத்தை அடிக்கச் சொல்லி, 'அளவுக்கு அறுத்தேன்' என்று என் கையாலேயே திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. பெருவிரல் ரேகைக்காக மைப்பெட்டியை நகர்த்தினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(ஒப்பம்)
மைதானப் பராமரிப்பாளர்