மதகுக் கல்லில் ஒரு பெண்

திருச்சானூரிலிருந்து திருப்பதி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள்.

"செத்துப்போனவங்க தலமேல என் காலு இன்னாத்துக்குடி?" என்றாள் அக்காள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவள் போலிருக்கிறது தங்கை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"நம்மூரு ஏரி மதகுல கீற கல்லுக்கா இது. சோழர் காலத்துல ஒரு அம்மா வெட்டின ஏரியாம்."

"பொம்பளையா? ராஜா வெட்டினதுன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தாங்க?"

"ராஜா பேரு முதல் வரில சும்மா வரும். வெட்டினது இந்தம்மாதான். கடைசில, இந்த ஏரியக் காப்பாத்துறவங்க பாதம் என் தலமேலன்னு கும்புட்டு எழுத வச்சிக்கீறாங்க."

"காப்பாத்துறவங்கன்னா யாரு?"

"நூறு நாள் வேலைல வருசா வருசம் தூர் வார்றது யாரு? நீதானே."

அக்காள் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்த மகராசி தண்ணில வெளஞ்சதத்தான் துன்னுக்கினு கீறோம். பேரு இன்னாடி?"

"பேரு இருந்த எடம் ஒடஞ்சிபோச்சிக்கா."

"பரவால்ல, ஊருக்கெல்லாம் சொல்லு. ஏரில எறங்கும்போது கால மெதுவா வைக்கச் சொல்லு."