அண்ணன் அழிச்ச படங்கள்

பதறாதீங்கக்கா, படம் எங்கயும் போகல. அழிச்ச உடனே காத்துல கரைஞ்சிடாது. இப்படிக் குடுங்க போனை. இதோ, ஓரத்துல குப்பைத் தொட்டி மாதிரி ஒண்ணு போட்டிருக்கான் பாருங்க, அதைத் தொடுங்க. தொட்டீங்களா? ஆங், உங்க பொண்ணுதானே இது? மூஞ்சி பூரா சோப்பு நுரையோட சிரிக்கிறா பாருங்க. இப்ப அது மேல விரலை வெச்சு அழுத்தி, எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, கீழ இருக்கிற இதைத் தட்டினா பழைய இடத்துக்குப் போயிடும். வந்துடுச்சா? இப்ப மூச்சு விடுங்க.

இல்லக்கா, நான் ஒண்ணும் கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல. மருந்து குடோன்ல பெட்டி கட்டுற வேலை. இதெல்லாம் எங்க அண்ணியாலதான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க இப்ப பண்ணின அதே வேலையைத்தான் அவங்களும் பண்ணினாங்க. போன்லேர்ந்து மட்டும்தான் போகும், மேல கிளவுடுங்கிறாங்களே, அதுல பத்திரமா இருக்கும்னு நெனச்சுட்டாங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விட்டது. இங்க அழிச்சா அங்கயும் போயிடும்.

உங்க வீட்டுக்காரர் இப்பத்தானே உள்ள போனாரு, வர நேரம் ஆகும். அந்த ஸ்கேன் மெஷினுக்குள்ள போனா லேசுல விட மாட்டாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? என்கிட்ட இருக்கு.

அண்ணி சூப்பர் மார்க்கெட்டுல பில் போடுறவங்க. ஒரு பொருள் ரெண்டு தடவை பீப் அடிச்சா, திரும்பிக்கூடப் பாக்காம கண்டுபிடிச்சிடுவாங்க. அவ்வளவு கவனம். அவங்களுக்கே கை தவறிடுச்சுன்னா மனசு எந்த நெலமையில இருந்திருக்கும்னு பாத்துக்கங்க. அண்ணன் போய் ஒரு மாசம்கூட ஆகல அப்ப.

ஆமாக்கா, கூடப் பிறந்த அண்ணன். ஒரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா என்னைத்தான் சாமியேன்னு கூப்பிடணும்னு பீத்திக்குவான். ஒரு நாள் காலையில அவன் பொண்ணு, எங்க பாப்பாவுக்கு ஷூ லேஸ் கட்டி விடக் குனிஞ்சான். அப்படியே சாஞ்சுட்டான். பாப்பா வெளையாட்டுன்னு நெனச்சு, எந்திரிப்பா லேட்டாகுதுன்னு அவன் முதுகுல தட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்து, ரெண்டு பேரும் கெளம்புங்கன்னு சொல்றேன். பாருங்க.

நாங்க எல்லாம் ஒரே வீடுதான். எனக்குக் கல்யாணம் கூடி வரல, கூடி வராதது நல்லதுன்னு அப்புறம் நானே இருந்துட்டேன். அண்ணி என்னை நாத்தனார்னு நடத்தினதே இல்ல. ரெண்டு பேரும் ஒரே அலமாரியில துணி வெச்சுக்குவோம்.

சரி, படத்துக்கு வர்றேன். அண்ணன் எதைக் கழட்டினாலும் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குவான். எந்த வயர் எங்க இருந்துச்சு, எந்த நட்டு எந்தப் பக்கம்னு. திரும்ப மாட்டும்போது பாத்து மாட்டணும்ல. அதனால அவன் போனைத் தொறந்தா வயரும் கிரீஸும்தான். நடுநடுவுல பாப்பா. அவன் போனதுக்கப்புறம் அந்த போன்ல ஓயாம ஒரு தகவல் வந்துக்கிட்டே இருந்துச்சு. இடம் நெறஞ்சுடுச்சு, இடம் நெறஞ்சுடுச்சுன்னு. அண்ணிக்கு அது அவரே ஏதோ கேக்கிற மாதிரி இருந்திருக்கு. வயர் படத்தை மட்டும் எடுத்துடலாம்னு உக்காந்திருக்காங்க. ஒவ்வொண்ணா தொட்டு, கண்ணுல தண்ணி மறைக்க மறைக்கத் தொட்டு, எங்கயோ ஒரு எடத்துல விரல் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பாப்பா பொறந்ததுலேர்ந்து எடுத்தது மொத்தமும் காணோம்.

எனக்கு போன் வந்துச்சு. அண்ணிதான். மூச்சு மட்டும் கேக்குது. நான் பெட்டியை அப்படியே போட்டுட்டு ஓடுறேன். போனா, தரையில கால் நீட்டி உக்காந்திருக்காங்க, மடியில போன். அவரை ரெண்டாவது தடவை சாகடிச்சுட்டேன்னாங்க. குடோன்ல என் பக்கத்து மேசைப் பொண்ணுக்கு போன் போட்டேன். அவதான், இதுக்கா அழுறீங்க, குப்பையில போய்ப் பாருங்க, கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுத்தான் தூக்கிப் போடுவான்னு சொல்லிக் குடுத்தா.

போய்ப் பாத்தோம். எல்லாம் இருந்துச்சு. பாப்பா தவழ்றது, மொட்டைத் தலை, மொத நாள் ஸ்கூல், எல்லாம். அண்ணி என்னைக் கட்டிப் பிடிச்சு என் தோளெல்லாம் நனைச்சுட்டாங்க. அத்தோட மூடி வெச்சிருக்கலாம். அண்ணி, இன்னும் ஏதாவது விட்டுப் போச்சான்னு பாக்குறேன்னு விரலால கீழ தள்ளிக்கிட்டே போனாங்க.

கீழ அண்ணன் இருந்தான்.

அவனே அழிச்ச படங்கக்கா. சாகறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி அவன் தூக்கிப் போட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, எங்க வீட்டு ரூம் சுவத்துல சாஞ்சு நிக்கிறான். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. ஒண்ணுல சிரிப்பு ஜாஸ்தி. ஒண்ணுல கண்ணு மூடிக்கிச்சு. ஒண்ணுல தலை வாரிட்டு வந்திருக்கான், அடுத்ததுல காலரைச் சரி பண்ணியிருக்கான். ஒண்ணுல பாப்பா குறுக்க பூந்து, ரெண்டு பல்லு இல்லாத வாயைக் காட்டுது, இவன் அதைப் பாத்து வயிறு குலுங்கச் சிரிக்கிறான். நல்ல படம்க்கா அது. அதையும் அழிச்சிருக்கான்.

எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அண்ணிக்குத்தான் சட்டுனு பிடிபட்டுச்சு. நிமிந்து சுவத்தைப் பாத்தாங்க. சுவத்துல மாட்டியிருக்கிற அண்ணன் படத்தை. அதே சட்டை, அதே சுவரு. அவன் செத்த அன்னைக்குப் படம் வேணும்னு கேட்டப்ப நாங்க தேடவே இல்ல. என் போன்லயே இருந்துச்சு. கம்பெனி கார்டுக்கு எடுத்தேன், உன்கிட்டயும் ஒண்ணு கெடக்கட்டும்னு அவன்தான் எனக்கு அனுப்பியிருந்தான். வந்தவங்கல்லாம் எவ்வளவு லட்சணமான படம்னு சொன்னாங்க. நானும் ஆமா ஆமான்னேன்.

அவனுக்குத் தெரிஞ்சிருக்குக்கா. தனக்கு என்ன ஆகப் போகுதுன்னு தெரிஞ்சு, தன் படத்தைத் தானே எடுத்து வெச்சுட்டுப் போயிருக்கான்.

நாங்க அவனோட கூட வேலை பாத்தவரைப் போய்ப் பிடிச்சோம். அவரு மொதல்ல மழுப்பினாரு. அண்ணி அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் சொல்லிட்டாரு. மாடிப்படி ஏறும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. இவருதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காரு. இருதயத்துல தசை தடிச்சுப் போச்சு, இது பொறப்புலயே வர்றது, உள்ள ஒரு சின்ன மெஷின் வெச்சாகணும்னு சொல்லியிருக்காங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு விடட்டும், அப்ப வந்து படுத்துக்கிறேன், அது வரைக்கும் வீட்டுல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். லீவுக்கு ரொம்ப நாளெல்லாம் இல்லக்கா. கைக்கெட்டுற தூரம்தான்.

அண்ணி வர்ற வழியெல்லாம் அழல. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, என்னையும் உங்ககூடச் சேந்து கொஞ்ச நாள் பயப்பட விட்டிருக்கலாம்லன்னு கேட்டாங்க. அதட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதிர்ல இருக்கிற மனுசன்கிட்ட கேக்கிற மாதிரி. எனக்கு அங்க நிக்க முடியல.

ஆங்? இல்ல இல்ல, உங்க பேரைக் கூப்பிடல, வேற யாரோ.

அந்தப் படங்களை மட்டும் அண்ணி திரும்ப எடுக்க விடல. அவரு வேணாம்னு போட்டது, அது அப்படியே போகட்டும்னுட்டாங்க. எனக்கும் அவங்களுக்கும் அன்னைக்குத்தான் மொத மொதல்ல முட்டிக்கிச்சு. ஏன்னா அதுல ஒரு வீடியோ இருந்துச்சுக்கா. படம் எடுக்கிறதுக்குப் பதிலா தவறி வீடியோவை அமுக்கிட்டான் போல. அசையாம நிக்கிறான். சிரிக்கப் பாக்குறான். வாய் சிரிக்குது, கண்ணு வர மாட்டேங்குது. கன்னத்தை உள்ளங்கையால தேச்சு விட்டுக்கிட்டு மறுபடி சிரிக்கிறான். அப்ப உள்ளேர்ந்து ஒரு சத்தம், அண்ணே, ஆறிடப் போகுது, சாப்பிட வான்னு. என் குரல்தான்க்கா அது. நான் அங்கதான் இருந்திருக்கேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். அவன் சட்டுனு மூஞ்சியை மாத்திக்கிட்டு, வர்றேம்மான்னு சொல்றான். அத்தோட முடிஞ்சிடுது.

வர்றேம்மா. அவன் என்னை அம்மான்னுதான் கூப்பிடுவான். எங்க அம்மா போனதுலேர்ந்து.

எனக்கு அது வேணும்னு கேட்டேன். அண்ணி முடியாதுன்னாங்க. நீங்க பொண்டாட்டின்னா நான் தங்கச்சி இல்லையான்னு கேட்டுட்டேன். அவங்க எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அப்புறம் ஒரே அலமாரியில துணி எடுத்துக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம இருந்தோம். தானா அழியிற நாளும் வந்துக்கிட்டு இருக்கு. எனக்கு வேலையில கை ஓடல. ஒரு நாள் அண்ணி குளிக்கப் போன நேரம் பாத்து போனை எடுத்தேன். குப்பையைத் தொறந்தா வெறிச்சோடிக் கெடக்கு. போச்சு, முடிஞ்சுதுன்னு அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். எதுக்கும் பாப்போம்னு மத்த படமெல்லாம் இருக்கிற எடத்துல போய்ப் பாத்தா, எல்லாம் பழைய இடத்துலயே இருக்கு. அண்ணி எப்பவோ திரும்ப எடுத்து வெச்சிருக்காங்க. என்கிட்ட சொல்லல. நானும் பாத்தேன்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போட்டுக் குடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் சமாதானம்.

இப்ப அவங்க ரொம்பப் பயந்து போயிருக்காங்கக்கா. நான் இருமினா கண்ணு பெருசாகுது. பாப்பா கொஞ்சம் கூடத் தூங்கிட்டா மூக்குல விரல் வெச்சுப் பாக்குறாங்க. வேலைக்குப் போனவங்க பாதியில ஓடி வந்து வீட்டைப் பாத்துட்டுப் போறாங்க. யாரும் எதையும் மறைக்காதீங்க, என்னால இனிமே தாங்க முடியாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.

இல்லக்கா, யாரையும் பாக்க வரல. எங்க வீட்டுலேர்ந்து யாரும் உள்ள இல்ல. அந்தக் கூட வேலை பாத்தவரு நாங்க கெளம்பறப்ப என்னைத் தனியா கூப்பிட்டாரு. இது கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம், தங்கச்சியையும் கூட்டிட்டு வந்து பாத்துடுங்கன்னு டாக்டர் சொன்னாரும்மா, உங்க அண்ணன் அதைத்தான் நெனச்சு ரொம்பக் கலங்கினாருன்னு சொன்னாரு. நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். போன வாரம் குடோன்ல ஏணி ஏறினேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அதான் இன்னைக்கு. அண்ணிகிட்ட சரக்கு நெறைய வந்திருக்கு, வர நேரமாகும்னு சொல்லிட்டு வந்தேன். அண்ணன் ஏன் வாயைத் தொறக்கலைன்னு இந்த நாற்காலியில உக்காந்தப்பத்தான் தெரியுது.

இதோ, இப்ப என்னைத்தான் கூப்பிடுறாங்க. என் பையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா. அப்புறம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கூட ஆள் இல்லாம உள்ள விட மாட்டோம்னு காலையில அந்த நர்ஸ் சொன்னாங்க. எங்க அக்கா வந்திருக்காங்க, அதோ அங்க உக்காந்திருக்காங்கன்னு உங்களைக் காட்டிட்டேன்.