தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்டது

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் பெற்றது மூன்று. என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு. இப்போது படிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். காலில் செருப்பு இல்லை. மணி நான்கு ஐந்து. இன்னும் விடியவில்லை. எனக்கு முன்னால் என் மகள் எஸ்தர் ஓடுகிறாள். ஒரு கையில் செல்போன் வெளிச்சம். தோளில் குழந்தை. பிறந்து இரண்டு மாதம்.

"கீழ போம்மா. நிக்காத, கீழ போ."

மேலே எங்கேயோ விசில் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் அடி. வீடு ஒரு தரம் குலுங்குகிறது. வாயெல்லாம் மண். குழந்தை அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். பிறகு அழுதது. ஸ்தோத்திரம் என்றேன்.

இது எங்கள் ஊர் திருத்தணி இல்லை. ஜம்முப் பக்கம், எல்லையோரத்தில் ஒரு ஊர். ஊர்ப் பேரை எழுத வேண்டாம் என்று மருமகன் சொன்னார். அவர் ராணுவத்தில் இருக்கிறார். எஸ்தர் அங்கேயே நர்ஸ் வேலை பார்த்தாள். பிரசவம் பார்க்க நான் போனேன். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் சண்டை வந்துவிட்டது. மே மாதம். புதன்கிழமை. மருமகன் காவல் முனையில் இருந்தார். போன் எடுக்கவில்லை.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் பஷீர், அவர் மனைவி ஜரீனா, பஷீரின் வயதான அம்மா. வீட்டுக்கு அடியில் ஒரு அறை. விறகும் உருளைக்கிழங்கும் போட்டுவைக்கிற இடம். அதில்தான் போய் விழுந்தோம். நான் தலைகளை எண்ணினேன். குழந்தையோடு சேர்த்து ஆறு.

விடிந்தது. நிற்கவில்லை. ஏழரைக்கு இரண்டு குண்டு. எட்டுக்கு ஒன்று, மிகக் கிட்டத்தில். எட்டே முக்காலுக்குத் தொடர்ந்து ஐந்து. எஸ்தருக்குப் பால் வற்றிவிட்டது. பயத்தில் வற்றும் என்று அவளே சொன்னாள். நர்ஸ் அல்லவா. குழந்தை வாயை வைக்கும். இழுக்கும். விட்டுவிட்டு அலறும். பால் பவுடர் டப்பா மாடியில். அதிலும் இரண்டு கரண்டிதான் மிச்சம். மாடிக்குப் போகிற படிக்கட்டு பாதி இல்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் யாரிடமும் கை நீட்டினது கிடையாது. முப்பது வருஷம் தறிக்காரர் வீடுகளில் கூலிக்கு நூல் சுற்றினேன். புருஷன் செத்த அன்றைக்குக்கூடப் பக்கத்து வீட்டில் ஒரு பிடி அரிசி கேட்டதில்லை. கேட்டால் ஆண்டவரிடம் கேட்பேன். அதுவும் சத்தமாகக் கேட்பேன். எங்கள் சபையில் அப்படித்தான். முழங்கால் போட்டு, கண்ணை மூடி, கையைத் தூக்கி, வாய்விட்டுக் கேட்போம்.

அப்படியே கேட்டேன். விறகுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். தூக்கின கையில் காலி பால்புட்டி இருந்தது. பால் குடும் ஆண்டவரே, பால் குடும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பஷீர் ஏதோ சொன்னார். அவர் அம்மா சிரித்தாள். எஸ்தர் அப்புறம் தமிழில் சொன்னாள்.

"உங்கம்மா சாமிக்குக் காது மந்தமான்னு கேக்குறாரும்மா."

"நல்லா கேக்கும்னு சொல்லு" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரில் ஒரு தூக்கு. அதில் காய்ச்சின பால். ஆவி பறக்கிறது. நான் மூன்று தரம் ஸ்தோத்திரம் சொன்னேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜரீனா முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் வைக்கோல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாம்மா, அவங்கதான் போயி கறந்துகினு வந்தாங்க. நீ கண்ணை மூடிகினு இருந்தே."

சந்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் மாட்டுக்கொட்டகை. முப்பது தப்படி இருக்கும். வானம் திறந்துகிடக்கிற முப்பது தப்படி. போய், கறந்து, அங்கேயே அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறாள். பஷீர் அவளைத் திட்டினார். பாஷை தெரியாவிட்டாலும் திட்டு தெரியும். இனிமேல் வாசலைத் தாண்டினால் பார் என்று சொன்னாராம். அவள் சிரித்துக்கொண்டே குழந்தையின் பாதத்தை விரலால் தட்டினாள். நான் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவ்வளவுதான். கை கூப்பவில்லை. கொடுத்தவர் ஆண்டவர் என்று மனதில் ஒரு இறுக்கம்.

வியாழக்கிழமை. காலையில் சத்தம் இல்லை. பத்து மணிவரை குருவிச் சத்தம்கூடக் கேட்டது. பஷீர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரண்டு நாளாகத் தூங்காத மனிதர். பதினொன்றரைக்கு மறுபடியும் ஆரம்பித்தது. பால் தீர்ந்துவிட்டது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எஸ்தர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜரீனா என்னைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். நான் கேட்டால் போவாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கால் போட்டேன். புட்டியைத் தேடி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் கையைத் தூக்கினேன். தேடி எடுத்தேன். முதல் நாள் அது தானாகக் கையில் இருந்தது. இரண்டாம் நாள் தேடினேன்.

பால் குடும் ஆண்டவரே.

கதவில் இரும்புத் தாழ்ப்பாள். துருப்பிடித்தது. இழுத்தால் ஒரு கீச்சல். அந்தக் கீச்சல் எனக்குக் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் சத்தமாக ஜெபித்தேன்.

விசில். ஒன்று. இரண்டு. நான்கு வரை போகவில்லை. இரண்டுதான்.

மணி பன்னிரண்டு பத்து.

பஷீர் எழுந்து ஓடினார். எஸ்தர் கத்துகிறாள். "போகாதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க." தமிழில் கத்துகிறாள். அவருக்கு எப்படிப் புரியும். நான் கதவருகே போனேன். புகை. வைக்கோல் எரிகிறது. மாடு ஒரே ஒரு தரம் கத்தியது. அப்புறம் கத்தவில்லை. பார்த்ததை எல்லாம் எழுத மாட்டேன். அவளுக்கு அது மரியாதை இல்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எஸ்தருக்குப் பால் ஊறியது. தானாக. புடவை நனைந்தது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. ஐந்து மணி நேரம். அவ்வளவுதான் பொறுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ராணுவ லாரி வந்து பெண்களை ஏறச் சொன்னது. ஏறுவதற்கு முன் நான் பஷீரிடம் போனேன். தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்டது என்று அவரிடம் சொல் என்றேன் எஸ்தரிடம். அவள் என்னை முறைத்தாள். "இத நான் சொல்ல மாட்டேன்மா. நீ வண்டில ஏறு" என்றாள். பஷீர் எங்கள் மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தார். குழந்தையின் தலையில் கை வைத்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது.

திருத்தணிக்கு வந்து சேர்ந்தோம். மருமகன் உயிரோடு இருக்கிறார் என்று ரயிலில் போன் வந்தது. வீட்டில் எனக்கு உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. அரக்கோணத்துக் கடற்படை விமானம் தலைக்கு மேல் போகும். முப்பது வருஷமாகப் போகிறதுதான். இப்போது அது வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலைக்குப் போகிறது. ஒருவன் சரவெடி கொளுத்தினான். கடைத்தெருவில், எல்லோர் காலடியிலும், நான் குப்புற விழுந்துவிட்டேன். காவடி எடுத்த பெண் ஒருத்தி தூக்கிவிட்டாள். மஞ்சள் கை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

சபைக்குப் போவேன். வாய் திறக்காது. எல்லோரும் கண் மூடும்போது நான் மட்டும் திறந்து வைத்திருப்பேன். தலைகளை எண்ணுவேன். கதவைப் பார்ப்பேன். நாங்கள் வந்த மாதமே போதகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு. என் மூத்த மகன் வயதுகூட இல்லை. வருகிற ஞாயிறு சாட்சி சொல்லுங்கள் என்றார்.

"ரெண்டே நிமிஷங்க ஆயா. கர்த்தர் காப்பாத்துனாரு, வத்துன பால ஊற வெச்சாருன்னு சொல்லிட்டு உக்காந்துக்குங்க. நாலு பேருக்கு ஆறுதலா இருக்கும்."

"அப்போ அவள ஏங்க காப்பாத்தல?" என்றேன்.

அவர் தெரியலைங்க ஆயா என்றார். அந்த வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்தது. காபி போட்டுக் கொடுத்தேன். சாட்சி சொல்ல ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம். விமானம். நான் கட்டிலுக்கு அடியில். தரையில் கன்னம். சில்லென்று இருந்தது. அங்கேதான் வாய் திறந்தது. சத்தமாக இல்லை. எனக்கே கேட்காத அளவுக்கு. ஆண்டவரே, அன்றைக்கு உம்மிடம் கேட்கவில்லை. உம் பேரைச் சொல்லி அவளிடம் கேட்டேன். கைநீட்ட வெட்கப்பட்டு உம்மை முன்னால் நிறுத்தினேன். இதைச் சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருக்கிற மாதிரிக் கிடந்தேன். ஒன்றும் விழவில்லை. அவர் திட்டவில்லை. போகட்டும் விடு என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால் சொல்லத் தெரியாது. மூச்சு நிதானத்துக்கு வந்தது. விமானம் போய்விட்டது. நான் இன்னும் அங்கேயே கிடந்தேன். எழுந்திருக்க மனமில்லாமல். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கிடைத்த ஆறுதல். மறுநாள் அது இல்லை. அதற்கடுத்த நாள் இருந்தது. அப்படித்தான் வந்து வந்து போகிறது. இப்போதும் கண் திறந்துதான் ஜெபிக்கிறேன். அவருக்கு அதில் வருத்தம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் வாய் திறந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தனத்திடம் போய், ஒரு டம்ளர் மோர் குடு என்று கேட்டேன். தறி ஓட்டுகிறவள். கையில் இழையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யக்கா, நீயா கேக்குறே? ஒடம்புக்கு ஏதுனா ஆயிடுச்சா?"

"தாகம்டி" என்றேன். உப்புப் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். நின்றுகொண்டே குடித்து முடித்தேன்.

இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன். என் மூத்த மகனின் மகள் ஜெனி அரக்கோணத்தில் கல்லூரிக்குப் போகிறாள். இதைப் பஷீர் பாஷையில் மாற்றி அவர் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் வேண்டாம் என்கிறாள். அந்த மனிதரை இன்னொரு தரம் கொல்லாதே என்கிறாள். அவள் சொல்வதும் இருக்கட்டும். ஆனால் அவர் தூங்கிவிட்டதற்காகத் தன்னையே அடித்துக்கொண்டிருப்பார். தூங்காமல் இருந்தவள் ஒருத்தி அந்த அறையில் இருந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

போனது இவ்வளவு. ஜரீனா. வயது நாற்பத்தெட்டு. பிள்ளைகள் இல்லை. அந்தச் சந்தில் ரொட்டி சுடுகிறவர் ஒருவரும் அவர் மருமகளும். அவர்கள் பேரைக் கேட்டு வைக்காதது என் குற்றம். ஒரு பசு. மாடிப்படி பாதி. வெடிச் சத்தத்தில் பஷீர் அம்மாவின் இடது காது. ஆறு பேர் உள்ளே போனோம். ஐந்து பேர் வெளியே வந்தோம்.

ஜெனி, இங்கே வா. உட்கார். முதலிலிருந்து படி. வேகமாக வேண்டாம். எனக்கு அன்றைக்குத் தெரியாது என்கிற மாதிரி எங்கேயாவது எழுதியிருந்தால் அந்த இடத்தில் நிறுத்து. அதை அடிக்க வேண்டும்.