கரகத்தில் பவுசர் தண்ணி

நிவித்திகல பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த வருஷத் திருவிழாவுக்கு, அம்மன் கரகத்துல பவுசர் லாரி கொண்டாந்த தண்ணியத்தான் ஊத்துனோம் அக்கா," என்றாள் இளையவள்.

"ஏன்டி, மலை ஊத்து என்னாச்சு?"

"ஊத்துக்கு மேல இருந்த காட்டை வெட்டுனாங்கல்ல, அதோட வத்திப்போச்சு. இப்ப லயத்து வீடுகளுக்கும் பவுசர்தான்."

"வெளியாளுங்களா வெட்டுனாங்க?"

"எங்க ஆம்பளைங்கதான். கொழுந்து இல்லாத மாசம். மரம் வெட்டுனா வேலை இருக்குன்னாரு தோட்டத்துத் தொரை."



"கோயில் பூசாரியாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அவரு எங்க சொல்றது? கற்பூரம் கொளுத்தி, மரத்தைக் கும்பிட்டு, மொத வெட்டு போட்டதே அவருதானே."