பாறையில் நிற்கும் மனிதர் பற்றி ஒரு குறிப்பு

வசந்தகுமாரி மேடம், கண்காட்சி மலருக்குப் பத்து வரி போதும் என்றீர்கள். எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாத ஆள் நான் என்று என் மனைவியே சொல்வாள். புகைப்படச் சங்கச் செயலாளராக நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: படத்தில் பாறையில் நிற்பவரைக் கைகளைத் தூக்கச் சொன்னது நீங்களா? இல்லை. அது ஒன்றைத்தான் நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நான் சொல்லி நடந்தது.

2005-இல் நம் சங்கத்து டாக்டர் ஒருவர் அலாஸ்காவுக்குப் போய், கப்பலில் இருந்தபடி எடுத்த பனிப்பாறைகளைக் கறுப்பு வெள்ளையில் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தீர்கள். அடுத்து நான் ஓமான் கடலோரத்தில் எடுத்த என் முசந்தம் மலைகளைக் காட்டினேன். "சைட்டுல கொட்டி வெச்ச ஜல்லி மாதிரி இருக்கே முரளி சார்" என்று யாரோ சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு அலாஸ்கா வாய்த்தது. எனக்கு வாய்த்தது ஷார்ஜா வேலையும் வெள்ளிக்கிழமை லீவும்.

கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். ஜல்லி என்றவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முசந்தத்தில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மரம் கிடையாது, வீடு கிடையாது. அளவு சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் மூவாயிரம் அடி மலையும் படத்தில் குவியலாகத்தான் தெரியும். அடியில் ஒரு ஆள் நின்றால் மலை எழுந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் கடல் தார் போலக் கறுக்கும். வெயில் பட்ட சுண்ணாம்புக்கல் வெளுத்துப் பனிப்பாறையாகிவிடும். அலாஸ்கா போகத் தேவையில்லை.

2006 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, திப்பா துறைமுகத்திலிருந்து கௌஸ் முகம்மது பாயின் மரக்கப்பலில் போனேன். கப்பலில் பாயையும் என்னையும் தவிர ஜெபசீலன் மட்டும்தான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், பாயிடம் வேலை. எது சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்வான். எனக்கு அவனைப் பிடிக்கும். சின்னப் படகில் மூவருமாகப் போய், மலையடியில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் அவனை இறக்கினோம்.

அவன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். சிவப்பு ஃபில்டர் வழியே ஆரஞ்சு வெள்ளையாகிவிடும். வெள்ளை மலைக்கு முன்னால் வெள்ளைப் புள்ளி. ஆள் நிற்பதே தெரியாது. உள்ளே அவன் கறுப்பு பனியன் போட்டிருந்தது என் அதிர்ஷ்டம்.

"ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்துடு ஜெபசீலா. படத்துல நீ தெரிய மாட்டே."

அவன் வடக்கே பார்த்தான். "காத்து மாறுகு சார். படம் எடுத்த ஒடனே வேகம் வந்து ஏத்திரணும், கேட்டியளா?"

"பத்தே நிமிஷம்."

கழற்றிக் கொடுத்துவிட்டான். கப்பலுக்குத் திரும்பியதும் பாய், டீசல் குழாயில் அடைப்பு என்று எஞ்சின் குழிக்குள் இறங்கினார். நான் கேமராவைத் தயாராக வைத்தேன். அப்போது பார்த்து ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெயில் இல்லாவிட்டால் வெறும் சாம்பல் பாறை. காத்திருந்தேன். பத்து நிமிடம் நாற்பதாகிவிட்டது. அலை முதலில் அவன் பாதத்தை நனைத்தது, பிறகு முழங்காலை. அவனுக்குப் பின்னால் செங்குத்துச் சுவர், ஏற வழியில்லை. தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் ஆட்டினான்.

இதைப் பற்றி அன்றைக்கே கடற்காவல் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். சிவப்புத் துண்டும் அந்த ஃபில்டரில் வெளுத்து மலையோடு கலந்துவிடும், அதனால் அவன் ஆட்டியது எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தன் மேசையில் இருந்த சிவப்பு ஃபைலைக் கேமரா வழியாகத் தானே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். விஷயம் தெரிந்த மனிதர். விபத்து என்று எழுதி முடித்தார்.

அவன் மனைவி லீமா குவைத்தில் மங்காஃபில் நர்ஸாக இருக்கிறாள். கடைசிப் படமாயிற்றே என்று நல்ல பிரேம் போட்டு ஒரு பிரதி அனுப்பினேன். போன் செய்தாள். "அவிய ரெண்டு கையும் பொக்கி என்னையக் கூப்பிடுத மாதிரி இருக்கு சார்" என்று அழுதாள். ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

நீங்கள் கேட்டதால் உங்களுக்கு மட்டும் மீதியையும் சொல்கிறேன். கண் வலித்ததால் ஒருமுறை கேமராவிலிருந்து முகத்தை எடுத்தேன். வெறும் கண்ணுக்குத் துண்டு நல்ல சிவப்பாகத்தான் தெரிந்தது. அவன் கத்துவதும் கேட்டது. பாயின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். குழிக்குள்ளிருந்து, "சார், ஜெபசீலன் கூப்புடுறானா?" என்றார்.

"இல்ல பாய், பாடறான்" என்றேன்.

வேலை செய்யும்போதெல்லாம் மாதா பாட்டு பாடுகிறவன் என்பதால் பாய் நம்பிவிட்டார். அதிகாரியிடமும் அப்படியே சொன்னார். இன்றுவரை, என் பையன் பாடிக்கொண்டேதான் போனான் என்று எல்லோரிடமும் சொல்கிறார். அதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது, நான் கெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மேகம் விலக நான்கு நிமிடம் ஆயிற்று. துண்டு அலையோடு போய்விட்டிருந்தது. இடுப்பளவு நீரில் இரண்டு கைகளையும் தூக்கி நின்றான். மலை முழுக்க வெளுத்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த படம் அதுதான். அடுத்த படத்திலும் அதே வெளிச்சம்தான், ஆனால் பாறையில் ஆள் இல்லை. அளவு தெரியாது என்பதால் அதை உங்களுக்கு அனுப்பவில்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள் மேடம். அந்த இரண்டாவது படம் எடுத்து முடித்த பிறகு நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. பாயைக் கூப்பிட்டதே நான்தான்.